பச்சைக் கோடு

ஏனுங்க சார், தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தப் போனைக் கொஞ்சம் சட்டைப் பையில போட்டுக்கறீங்களா? டிபன் டப்பா மேல வச்சிருக்கீங்களே, கால் வர்றப்ப டப்பாவும் சேந்து உறுமுது பாருங்க. அந்தச் சத்தம் எனக்கு ஆகறதில்லீங்க. மணியடிச்சாக்கூடப் பரவால்ல, தாராளமா அடிக்கட்டும். இந்த உறுமல்தான்.

அவ்வளவுதானுங்க. சந்தோசமுங்க.

எங்க இறங்கறீங்க, உடுமலையிலீங்களா? நான் கோயமுத்தூருங்க. பேரு நல்லசிவம். ஒரு பம்பு கம்பெனியில கம்ப்யூட்டர் சிஸ்டம் எல்லாம் நான்தான் பாத்துக்கறேன். கம்பெனி பேரு வேண்டாமுங்க. நீங்க பேங்க்குன்னீங்களே, அப்ப உங்களுக்குச் சொன்னாப் புரியும். கவுன்ட்டர்ல கூட்டம் நிக்கறப்ப சிஸ்டம் படுத்துக்கிச்சுன்னா எல்லாரும் யாரைப் பாப்பாங்க? சிஸ்டம் பாக்கறவனைத்தான் பாப்பாங்க. அவன்தான் என்னமோ ஒயரைப் புடுங்கி விட்டுட்டான்கற மாதிரி. இருபது வருசமா அந்தப் பார்வையைப் பாத்துட்டிருக்கேனுங்க. அதனாலதான் சொல்றேன், நான் யாருக்கும் கெடுதல் நெனச்சவன் இல்லீங்க. கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொல்லுவேன். அவ்வளவுதான்.

எங்க கம்பெனியில மாடியில டிசைன் ஹாலுன்னு ஒண்ணு இருக்குதுங்க. ஒரு நாப்பது பேரு உக்காந்து பம்பு வரைவாங்க. முன்னயெல்லாம் ஆளுக்கொரு பெரிய கம்ப்யூட்டர். சூடு, சத்தம், கரண்டு பில்லு. அதையெல்லாம் எடுத்துட்டு, கீழ ஒரு ஏசி ரூமுல ஒரே ஒரு பெரிய சர்வர் வச்சோம். மேல ஆளுக்கு ஒரு திரை, ஒரு கீபோர்டு, அவ்வளவுதான். ஒவ்வொருத்தருக்கும் தனி மெஷின் இருக்கற மாதிரித் தெரியும். ஆனா தனி மெஷின் கிடையாதுங்க. ஒரே சர்வருக்குள்ள நாப்பது மெஷின் இருக்கற மாதிரி ஒரு சாப்ட்வேர் காட்டும். படம் வரையற கிராபிக்ஸ் கார்டையும் அதுதான் எல்லாத்துக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும்.

புரியலீங்களா? நம்ம ஊர்ல லைன் வீடு இருக்குமுல்லீங்க, பத்து குடித்தனம், ஒரே போர் மோட்டார். அவங்கவங்க வீட்டுக் குழாயைத் திறந்தா அவங்கவங்களுக்குத் தண்ணி. மோட்டாரு ஒண்ணுதான்னு யாரும் நெனைக்கறதில்ல. ஆனா ஒரு வீட்டுல குழாயை ஒரு தினுசாத் திருகினா மோட்டாரே நின்னு போகுதுன்னு வச்சுக்கங்க. அப்ப பத்து வீட்டுக்கும் தண்ணி போயிருமல்லீங்க? அதுதானுங்க நடந்துச்சு.

மொதல்ல திரையில ஒரு பச்சைக் கோடு வருமுங்க. குறுக்கால, முடி மாதிரி. அது வந்து கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள திரை கருப்பாயிரும். ஒருத்தருக்கு இல்ல, ஹால் முழுக்க. நாப்பது பேரும் "ஐயோ"ன்னு ஒண்ணாக் கத்துவாங்க. சேவ் பண்ணாத வேலையெல்லாம் போச்சு. நான் கீழ ஓடிப்போய் சர்வரை நிறுத்தித் திரும்பப் போடணும். அது எழுந்து வர்றதுக்குள்ள ஜி.எம். மூணு தடவை ஆள் அனுப்புவாரு.

அங்க ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு இருந்துச்சுங்க. திண்டுக்கல்லு. நம்ம பக்கம் "அண்ணா"ம்போமுல்லீங்க, அது "அண்ணே"ம்பா. நல்ல வேலைக்காரி. புதுசா ஒரு பெரிய பம்பு, ஏற்றுமதிக்குப் போறது, அதை அவகிட்டத்தான் கொடுத்திருந்தாங்க. வீட்டுக்காரர் மஸ்கட்ல. இங்க அவளும், செலின்னு ஒரு பெண் குழந்தையும். ரெண்டாவது படிச்சிட்டிருந்துச்சு. பள்ளிக்கூடம் நம்ம கம்பெனியிலருந்து கொஞ்ச தூரம்தான்.

அந்தப் பொண்ணே ஒருநா எங்கிட்ட வந்து சொன்னா. "அண்ணே, நான் கவனிச்சுப் பாத்தேன். இந்தப் பம்புப் படத்தைக் குறுக்கால வெட்டி உள்பக்கம் பாப்போமுல்ல, அந்த வெட்டைத் திருப்புறப்பத்தான் போகுது. எல்லாத் தடவையும் இல்ல. ஆனா போற தடவையெல்லாம் நான் அதைத்தான் பண்ணிட்டிருக்கேன். நீங்க இதே படத்தை வேற மெஷின்ல போட்டுத் திருப்பிப் பாருங்க. அப்பவும் போச்சுன்னா கோளாறு என் மெஷின்ல இல்லேன்னு தெரிஞ்சிரும்ல?"

பாக்கலாம்மான்னேன். பாக்க நேரம் இருந்தாத்தானுங்க. பிரிண்டருக்கு ஒருத்தர் கூப்பிடுவாரு, பாஸ்வேர்டு மறந்துட்டேன்னு ஒருத்தர் வருவாரு. அதுவுமில்லாம சர்வர் தானா எழுதி வைக்கற லாக்கை எடுத்துப் பாத்தா, சர்வர் நின்ன நேரத்துல கடைசியா வேலை கேட்டது அவ மெஷின்தான்னு சுத்தமாப் போட்டிருக்குது. ரெண்டு வாட்டி வேற பேரு இருந்துச்சு. ஒரு வாட்டி முபாரக்குன்னு ஒரு பையன் மெஷின், இன்னொண்ணு யாருதோ. ஆனா அதெல்லாம் எப்பவோ ஒண்ணுங்க. பத்துல எட்டு அவ பேருன்னா நீங்க என்ன நெனைப்பீங்க? நானும் அதைத்தான் நெனச்சேன்.

அப்பதான் வெளிநாட்டுக்காரங்க வந்தாங்க, அந்தப் பெரிய பம்பைப் பாக்கறதுக்கு. முதலாளி புது சூட்டுப் போட்டுட்டு ஹாலுக்கே கூட்டிட்டு வந்துட்டாரு. சுவத்துல பெரிய திரை. ஜெசிந்தா பக்கத்துல நின்னு விளக்கிட்டு இருக்கறா. இங்கிலீசு அவ்வளவு அழகாப் பேசுமுங்க அந்தப் பொண்ணு. வந்தவங்கள்ல ஒருத்தர், "உள்ள எப்படி இருக்குது, வெட்டிக் காட்டு"ன்னாரு. அவ ஒரு செகண்டு என்னைப் பாத்தா. நான் கதவுகிட்ட நின்னுட்டிருந்தேன். என்ன பண்ணச் சொல்றீங்க என்னை? நான் ஒண்ணும் சொல்லலீங்க. அவ வெட்டித் திருப்பினா.

பச்சைக் கோடு சுவத்துல, இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும். அப்புறம் கருப்பு.

முதலாளி மூஞ்சியைப் பாக்கணுமே. சிரிச்சமேனிக்கு அவங்களைச் சாப்பிடக் கூட்டிட்டுப் போயிட்டாரு. ஆனா மறுநாள் காலையில மீட்டிங் ரூமுல ஜி.எம். சௌந்தரராஜன் உக்காந்திருக்காரு, முதலாளி உக்காந்திருக்காரு, என்னையும் கூப்பிட்டாங்க. ஜெசிந்தாவை முன்னால உக்கார வச்சிருக்காங்க. விசயம் என்னன்னா, அவகூடப் பொறந்த அண்ணன் ஒருத்தர் வேற ஒரு பம்பு கம்பெனியில சேல்ஸ்ல இருக்காருன்னு யாரோ சொல்லிட்டாங்க. போதாதுங்களா? வேணும்னே சிஸ்டத்தைப் படுக்க வைக்கறா, படத்தை வெளிய அனுப்பறான்னு கதை கட்டியாச்சு.

ஜி.எம். எங்கிட்டக் கேட்டாரு. "நல்லசிவம், சிஸ்டம் யாரால நின்னுச்சு?"

"லாக்ல இவங்க மெஷின்தான் சார் வருது"ன்னேன்.

உண்மைதானுங்களே? வந்துச்சு, சொன்னேன். "அவங்க வேணும்னே பண்ணினாங்களா"ன்னு எங்கிட்டக் கேக்கலியே. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்.

அவ சொன்னா, "அண்ணே, நான் உங்ககிட்ட வேற மெஷின்ல போட்டுப் பாக்கச் சொன்னேன்ல? நீங்களாவது சொல்லுங்கண்ணே."

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. "இன்னும் பாக்கலீங்க சார்"ன்னேன். அதுவும் உண்மைதான்.

அவ போனை வாங்கி எங்கிட்டக் கொடுத்து, படம் ஏதாவது வெளிய போயிருக்குதான்னு பாக்கச் சொன்னாங்க. என் ரூமுக்கு எடுத்துட்டு வந்துட்டேன். அது காலையிலீங்க. அன்னிக்குப் பாப்பாவுக்குப் பரீட்சை, மத்தியானத்தோட பள்ளிக்கூடம் விட்டுருவாங்களாம். பரீட்சை நாள்ல எல்லாம் ஜெசிந்தா பர்மிசன் போட்டுட்டுப் போய்க் குழந்தையைக் கூட்டிட்டு வந்து, பக்கத்து வீட்டுல விட்டுட்டு வருவா. அது எனக்குத் தெரியாதுன்னு சொல்ல மாட்டேன். ஹால்ல எல்லாருக்கும் தெரியும்.

மத்தியானம் ஆகறப்ப போன் வந்துச்சுங்க. என் மேசை தகர மேசை. சத்தத்தை அவளே காலையில அமத்தி வச்சிருக்கா போல, வெறும் உறுமல்தான். திரையில "செலின் ஸ்கூல்"னு வருது. உறுமி உறுமி, போன் மேசை மேல வண்டு மாதிரி நகருதுங்க. நின்னுச்சு. மறுபடி வந்துச்சு. எடுக்கலாமா? எடுத்தா, விசாரணையில இருக்கற போனை நான் எடுத்துப் பேசினேன்னு ஆயிருமல்லீங்க? அப்புறம் ஆதாரத்தைக் கலைச்சுட்டான்னு என்மேல திருப்புவாங்க. பெரிய இடத்து விவகாரம்.

மீட்டிங் ரூம் பக்கம் போனேன். கதவைத் திறந்தேன், இல்லேன்னு சொல்லலை. அவ என்னைப் பாத்த உடனே எந்திரிச்சுட்டா. "அண்ணே, மணி என்னண்ணே? பாப்பாவைக் கூப்பிடப் போகணும். ஸ்கூலுக்கு ஒரே ஒரு போன் மட்டும் பண்ணிக்கிறேண்ணே."

ஜி.எம். சொன்னாரு, "இதை முடிச்சிட்டுப் போங்கம்மா. பள்ளிக்கூடத்துல பாத்துக்குவாங்க." சொல்லிட்டு என்னைப் பாத்து, "என்ன நல்லசிவம், ஏதாவது கிடைச்சுதா?"ன்னாரு.

"இன்னும் பாத்துட்டிருக்கேன் சார்"னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டு வந்துட்டேன். அவரே சொல்லிட்டாருல்லீங்க, பாத்துக்குவாங்கன்னு.

என் ரூமுக்குத் திரும்பி வந்தா அது மறுபடி உறுமிட்டிருக்குது. பக்கத்து ரூமுல அக்கவுன்ட்ஸ் அம்மா எட்டிப் பாத்து, "என்னங்க அது, பல்லு கூசுது"ன்னாங்க. கர்ச்சீப்பை எடுத்து நாலா மடிச்சு போனுக்கு அடியில வச்சேன். சத்தம் நின்னுருச்சு. வெளிச்சம் மட்டும் வந்து வந்து போச்சு.

அப்புறம் வரவே இல்லீங்க. சரி, யாரோ வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தானுங்களே நெனைப்பாங்க?

கொஞ்ச நேரம் கழிச்சு ரிசப்சன்லருந்து பொண்ணு ஒண்ணு ஓடி வந்து சொல்லுச்சு. குழந்தை பள்ளிக்கூட கேட்டுல நின்னு பாத்திருக்குது. வாட்ச்மேன் எங்கியோ போன நேரமாம். அம்மா கம்பெனி தண்ணி டேங்கு அங்கிருந்தே தெரியும், உயரமா. அதைப் பாத்துட்டே நடந்து வந்திருக்குது. ரோட்டைத் தாண்டறப்ப மினி லாரி.

உசுருக்கு ஒண்ணுமில்லீங்க. நீங்க பயந்துக்காதீங்க. இடுப்பெலும்பு.

ஜெசிந்தா மீட்டிங் ரூமுலருந்து நேரா என் ரூமுக்கு வந்தா. போன் அந்தக் கர்ச்சீப்பு மேலதான் இருந்துச்சு. போனை எடுத்தா. கர்ச்சீப்பைப் பாத்தா. என்னைப் பாக்கவே இல்லீங்க. நாலு வார்த்தை திட்டியிருந்தா எனக்கும் பதில் சொல்ல வாய்ப்புக் கிடைச்சிருக்கும். போயிட்டா.

அதோட கம்பெனிக்கு வரலை. ராஜினாமான்னு எழுதி வாங்கிட்டாங்க, ஆஸ்பத்திரியில வச்சே. போன்ல ஒண்ணும் இல்லைன்னு நான் ரிப்போர்ட் கொடுத்தேன். அதை யாரும் படிச்ச மாதிரித் தெரியலை. அவ மெஷினை நான்தான் அழிச்சேன். அழிக்கறதுன்னா ஒரு பட்டன்தானுங்க. ஹால்ல அவ நாற்காலியும் திரையும் மட்டும் அப்படியே இருந்துச்சு, ஜன்னலோரம்.

கொஞ்ச நாள் சும்மா இருந்துச்சுங்க. எல்லாரும் நிம்மதியா வேலை பாத்தாங்க. ஜி.எம். எங்கிட்ட, "பாத்தியா நல்லசிவம், ஆளு போச்சு, கோளாறும் போச்சு"ன்னாரு.

ஒருநா சாப்பிட்டு வந்து எல்லாரும் உக்காந்த நேரம். நான் ஹால்லதான் இருந்தேன், யாருக்கோ மவுஸ் மாத்திட்டு. பச்சைக் கோடு. கருப்பு.

இந்தத் தடவை யாருமே கத்தலீங்க. அதுதான் எனக்கு இன்னமும் காதுல இருக்குது, அந்தச் சத்தமில்லாதது. நாப்பது தலையும் மெதுவாத் திரும்பி ஜன்னலோர நாற்காலியைப் பாத்துச்சு. நானும் பாத்தேன்.

அங்க இருந்த ஒரு பொண்ணு மெல்லமாச் சொல்லுச்சு, "ஜெசியக்கா வந்துட்டாங்க"ன்னு.

அந்த முபாரக் பையனுக்குக் கோபம் வந்துருச்சு. "செத்தவங்களைத்தான் அப்படிச் சொல்லுவாங்க. அவங்க உசுரோட இருக்காங்க. பிள்ளையை வச்சுக்கிட்டுக் கட்டு மாத்த ஆஸ்பத்திரிக்கு அலையறாங்க. வாயைக் கழுவுங்க."

கழுவலீங்க யாரும். அதுக்கப்புறம் எப்பச் சிஸ்டம் போனாலும் அதே பேச்சுத்தான். அந்த நாற்காலியில உக்கார ஆள் கிடையாது. கூட்டற ஆயா அந்த மூலையைக் கூட்டாது. அவ போட்டுட்டுப் போன சால்வை ஒண்ணு நாற்காலி மேல கிடந்துச்சு, அதைத் தொட மாட்டாங்க. ஏசிக் காத்துக்கு அது ஆடும். படிச்ச பசங்க எல்லாரும், அது ஆடறப்ப படக்குன்னு சேவ் பண்ணிக்குவாங்க. உசுரோட இருக்கற ஒருத்திக்கு அப்படிப் பயந்தாங்க. முதலாளி காதுக்குப் போய், ஒரு அய்யரைக் கூட்டிட்டு வந்து பூசை போட்டாரு. சர்வர் ரேக்கு மேல ஒரு எலுமிச்சம்பழம் வச்சாங்க. அழுகினா மாத்தணும்னு சொல்லி அந்த வேலையையும் எங்கிட்டயே கொடுத்துட்டாங்க.

எனக்கும் வீட்டுல தூக்கம் இல்லைன்னு வைங்க. பேய்க்குப் பயந்து இல்லீங்க. நான் சயின்ஸ் படிச்சவன். சம்சாரம் போனை மர ஸ்டூல் மேல வப்பா. கால் வந்தா உறுமும். நான் போய் அதுக்கடியில துண்டை மடிச்சு வச்சுட்டு வருவேன். இப்ப எங்க வீட்டுல எல்லாப் போனுக்கும் அடியில ஒரு துணி இருக்குமுங்க. "என்னங்க இது, போனுக்குப் பாய் போட்டுப் படுக்க வைக்கறீங்க"ன்னு கேட்டா. சூடு ஏறாம இருக்கறதுக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில தனியாப் போனேன். ஹால்ல ஒரு ஈ காக்கா இல்லை. எல்லாத் திரையையும் போட்டு விட்டேன். ஜெசிந்தா வரைஞ்ச அந்தப் பம்பை வேற ஒரு மெஷின்ல எடுத்தேன். உக்காரணுமுல்லீங்க, கிட்டத்துல இருந்த நாற்காலி அதுதான், ஜன்னலோரம். உக்காந்தேன். குறுக்கால வெட்டினேன். திருப்பினேன். ஒண்ணும் ஆகலை. மறுபடி திருப்பினேன். ஒண்ணுமில்லை. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம்ங்க, பாத்தியா, நான் சொன்னது சரிதான்னு. இன்னும் ஒரே ஒரு வாட்டின்னு திருப்பினேன்.

பச்சைக் கோடு.

நாப்பது திரையும் கருப்பு. வெளிய நல்ல வெயிலு. ஜன்னல் வெளிச்சத்துல ஒவ்வொரு கருப்புத் திரையிலயும் ஒரு ஆள் உக்காந்திருக்கறது தெரியுது. நான்தானுங்க அது. தெரியும் எனக்கு. ஆனா நிமிந்து பாக்க முடியலை. தோள்ல என்னமோ பட்டுச்சு, சால்வை. அப்படியே எந்திரிச்சு வெளிய வந்துட்டேன்.

அப்புறம் உக்காந்து மெயில்ல தேடினேன். அந்தச் சாப்ட்வேர் பண்றவங்க அறிவிப்பு அனுப்பியிருக்காங்க. அவங்க சாப்ட்வேர்லயே ஒரு ஓட்டை. உள்ள இருக்கற எந்த மெஷினா இருந்தாலும் சரி, சாதாரணமா வேலை பாக்கற ஆளா இருந்தாலும் சரி, படத்துக்கு இடம் கேக்கறதை ஒரு தினுசாக் கேட்டா, பங்கு போட்டுக் கொடுக்கற நடு சாப்ட்வேர் திணறி நின்னுரும். எல்லாருக்கும் சேவை போயிரும். திருட்டு இல்ல, படம் எதுவும் வெளிய போகாது, சும்மா நின்னு போகும், அவ்வளவுதான். உடனே அப்டேட் போட்டுக்கங்கன்னு போட்டிருக்குது. பெரிய படத்தை வெட்டித் திருப்பறப்ப அந்த மாதிரிக் கேட்டிருக்குது. ஹால்ல பெரிய படம் அவகிட்ட இருந்துச்சு. அதுதான் பத்துல எட்டு அவ பேரு. முபாரக் கைக்கு அந்தப் பம்பு மாறினதும் முபாரக் பேரு வந்துச்சு.

என்னங்க? அறிவிப்பு எப்ப வந்துச்சுன்னுங்களா?

அது வந்துங்க... முந்தியே வந்திருந்துச்சு. வெளிநாட்டுக்காரங்க வர்றதுக்கு முந்தி. ஆனா நீங்க ஒண்ணைப் புரிஞ்சுக்கணும், அந்த மாதிரி மெயில் தினமும் வண்டி வண்டியா வருமுங்க. எதைப் படிக்கறது, எதை விடறது? அப்டேட் போடணும்னா சர்வரை நிறுத்தணும். நிறுத்தறேன்னு கேட்டா ஜி.எம். குதிப்பாரு. கேட்டீங்களான்னா கேக்கலை. குதிப்பாருன்னு தெரிஞ்சும் எப்படிங்க கேக்கறது?

அன்னிக்கே போட்டுட்டேன். காப்பி குடிச்சுட்டு வர்ற நேரம்தான் ஆச்சு. அதுக்கப்புறம் இன்னிய தேதி வரைக்கும் ஒரு தடவைகூடப் போகலை. சொல்றேனுல்லீங்க, ஒரு தடவைகூட.

ஜி.எம். ஒருநா கீழ வந்து ரேக்கைப் பாத்துட்டு, "எலுமிச்சம்பழம் வேலை செஞ்சிருச்சுய்யா"ன்னாரு. சிரிச்சேன். முதலாளி பக்தியா வச்சது. இல்லைன்னு சொல்லி அவங்க மனசை நோகடிக்கறது எனக்குப் பிடிக்காதுங்க.

முபாரக்குக்கு மட்டும் எப்படியோ தெரிஞ்சுபோச்சு. கேன்டீன்ல வந்து எதுத்தாப்புல உக்காந்தான். "அண்ணா, அப்ப ஜெசியக்கா மேல தப்பில்லைன்னு முதலாளிகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"சொல்றதுக்கு ஒரு நேரம் வரணும் தம்பி"ன்னேன்.

"சரி, அவங்ககிட்டயாவது சொன்னீங்களா?"ன்னான். அட்ரசை எழுதி என் டீ டம்ளருக்கு அடியில வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டான். இப்பத்தப் பசங்களுக்குப் பெரியவங்க கிட்டப் பேசத் தெரியறதில்லீங்க.

அதுக்கும் மேல ஒரு வருசம் ஓடிப்போச்சு. வரணும் வரணும்னு இருந்தேன். இன்னிக்குத்தான் வந்தேன். ஆமாங்க, அங்கதான் போயிட்டு வர்றேன். கோயமுத்தூர்லருந்து ஸ்வீட் பாக்ஸ் ஒண்ணு, பாப்பாவுக்குக் கலர் பென்சில் டப்பா ஒண்ணு, ஒரு துணிப்பையில போட்டுட்டு. பஸ்ல வர்றப்ப பூராவும் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டே வந்தேன். "அம்மிணி, அது சாப்ட்வேர் கோளாறு. உங்க மேல தப்பில்லை." இவ்வளவுதானுங்களே? ரெண்டு வரி.

திண்டுக்கல்லு மேட்டுப்பட்டியில ஒரு சந்து. கதவு திறந்திருக்குது. முன் ரூமுல ஒரு கம்ப்யூட்டர், திரையில ஒரு வீட்டுப் பிளான். சின்னச் சின்ன இன்ஜினியருங்களுக்கு வீட்டுலருந்தே வரைஞ்சு கொடுக்கறா போலிருக்குது. அந்தப் பாப்பாதான் வந்துச்சு. நல்லா வளந்துருச்சுங்க. என்னைத் தெரியாது அதுக்கு. நான்தான் அதைப் பாத்திருக்கேன், முன்னால ஒரு ஆயுத பூசைக்கு அம்மாகூடக் கம்பெனிக்கு வந்தப்ப.

"அம்மா குளிக்கிறாங்க அங்கிள். உக்காருங்க, தண்ணி கொண்டு வர்றேன்"னுச்சு.

உள்ள போச்சு. அப்பதான் கேட்டேன். ஒரு கால் செருப்பு டக்குன்னு விழுது. இன்னொரு கால் செருப்பு தேயுது. டக்கு, சரக்கு. டக்கு, சரக்கு. போறப்பவும் அதே, தண்ணிச் செம்பைத் தூக்கிட்டு வர்றப்பவும் அதே. செம்புல தண்ணி தளும்பாம இருக்க அது ஒரு பக்கமாச் சாஞ்சு பிடிச்சுட்டு வருது. பழகிருச்சு அதுக்கு. சிரிச்சுட்டே வருதுங்க.

நான் தண்ணியை வாங்கிட்டுத் திரையைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். அந்த வீட்டுப் பிளானைப் பாத்தேன். எந்த நிமிசமும் கோடு வரும்னு தோணுச்சு. வரலை. வராதுங்க, அது வேற கம்ப்யூட்டர், வேற சாப்ட்வேர், எனக்குத் தெரியாதா? ஆனா கண்ணை எடுக்க முடியலை.

உள்ளருந்து ஜெசிந்தா சத்தம் கொடுத்தா. "யாரு பாப்பா?" அதே குரலுங்க. கொஞ்சம் கூட மாறலை.

"தெரியலம்மா. ஒரு அங்கிள். பேசாமக் கம்ப்யூட்டரையே பாத்துக்கிட்டிருக்காரு."

உள்ள தண்ணி ஊத்தற சத்தம் நின்னுருச்சு.

"பேரு என்னன்னு கேளு பாப்பா."

அது எம் முன்னால வந்து நின்னு கேட்டுச்சு. "அங்கிள், உங்க பேரு என்ன?"

பேருதானுங்க கேட்டுச்சு. வேற ஒண்ணும் கேக்கலை. நான் எந்திரிச்சுட்டேன். "வீடு மாறி வந்துட்டேன் கண்ணு"ன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். குளிக்கற நேரத்துல போய் ஒரு பொம்பளையைத் தொந்தரவு பண்ணறது சரியில்லீங்களே. இன்னொரு நாள் சாவகாசமா வந்துக்கலாம்னு.

சந்துல பாதி தூரம் வந்திருப்பேன். பின்னால கேக்குது. டக்கு, சரக்கு. டக்கு, சரக்கு. "அங்கிள்! உங்க பையி! அங்கிள், பையை விட்டுட்டுப் போறீங்க!"

மறந்து வச்சுட்டு வந்துட்டேனுங்க. ஸ்வீட்டும் பென்சிலும்.

திரும்பி நின்னு வாங்கியிருக்கலாம். இல்ல, உனக்குத்தான் கண்ணுன்னு சொல்லியிருக்கலாம். காலு நிக்கலீங்க. வேகமா நடந்தேன். அதுவும் வேகமா வரப் பாத்துச்சு, எனக்குக் கேட்டுச்சு, அந்தச் சரக்கு சரக்குன்னு தேயறது வேகமாச்சு. அதால எவ்வளவுங்க வேகமா வர முடியும்? எனக்குத் தெரியுமுல்லீங்க. அதனால நான் இன்னும் கொஞ்சம் எட்டி வச்சேன்.

மெயின் ரோட்டுல இந்தப் பஸ் வந்துச்சு, கையைக் காட்டினேன், நிறுத்தினாங்க, ஏறிட்டேன். ஜன்னல் வழியாப் பாத்தேன். சந்து முனையில நிக்குது. ரோட்டு ஓரம் வரைக்கும் வந்து, அங்கியே நின்னுருச்சு. ரோட்டுல காலை வைக்கலை. வண்டிக ரெண்டு பக்கமும் போயிட்டிருக்குது. பையை ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கிக் காட்டிட்டே நிக்குதுங்க, பஸ் திரும்பற வரைக்கும்.

வச்சுக்கன்னு நான் கையைக் காட்டினேனுங்க. காட்டினேன்னுதான் நெனைக்கறேன்.